பின்னிருக்கையின் இடப்பக்கம்

அம்மாவுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது, அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வி கடைசியில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய் நின்றது. இதில் மிகை எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் சேரன்மாதேவியைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே, வாய்க்கால் கரையில் அமைந்த ஒரு சிற்றூரில் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையிலிருந்து புறப்படும் முதல் பேருந்து அந்த ஊர் விலக்கில் நிற்கும்போது அங்கே இறைவணக்கம் முடிந்திருக்கும். முதல் மணியை அடிக்க வேண்டியவள் அதற்குப் பிறகு போய்ச் சேர முடியாது. அப்பாவோ அம்பாசமுத்திரத்தில் பாசனப் பிரிவு அலுவலகத்தில் வரைபடக்காரர். தினமும் காலையில் அதே சாலையில் வண்டியில் போகிறவர். அவர் முதுகுக்குப் பின்னால் பாதி இருக்கை பத்தாண்டுகளாகக் காலியாகவே போய் வந்துகொண்டிருந்தது.

உத்தரவு வந்த அன்று அம்மா அதை நின்றபடியே மூன்று முறை படித்தாள். மடித்து உறையில் போட்டுவிட்டு அரிசி களையப் போனாள். களைந்து வைத்த அரிசியைச் சிறிது நேரம் கழித்து மறுபடியும் களைந்தாள். பதினெட்டு ஆண்டுகளாக இரண்டாம் வகுப்பு எடுத்தவள். அவளிடம் அதற்கு மேல் மகிழ்ச்சியின் அடையாளத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பதினைந்து நாளுக்குள் பணியில் சேர வேண்டும். அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை பார்க்கப் புறப்பட்டார்கள். மேலச்செவல் பக்கத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாளாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஒரு பாலத்துக் கட்டையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். அப்பா முதலில் தனியாக வீடு திரும்பினார். ஒரு மணி நேரம் கழித்து அம்மா பேருந்தில் வந்தாள்.

"ரோடு ரொம்ப மோசம்" என்றார் அப்பா.

"ரோட்டு மேலயா நான் உக்காந்து வந்தேன்? ஒங்க சீட்டு மேலதான உக்காந்து வந்தேன்."

நான் வெளியே போய் இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். முன்பக்கம் அப்பாவின் பத்தாண்டு உட்கார்வு குழியாகப் பதிந்திருந்தது. பின்பக்கம் அழுத்திய இடம் எழும்பவே இல்லை. ரெக்சினுக்கு அடியில் ஸ்பாஞ்சு பொடியாகிப் போயிருந்தது. அப்பாவும் வந்து அழுத்திப் பார்த்தார். "புதுச் சீட்டு போட்டிருவோம்" என்றார். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சிறிய தீர்வா என்று எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. அன்று இரவே நோட்டில் ஒரு பக்கத்தில் கோடு போட்டு 'ஓட்டுகிறவர்', 'பின்னால் இருப்பவர்' என்று இரண்டு தலைப்புகள் எழுதினேன். ஒரு பேருரைக்குக் குறிப்பெடுக்கும்போதுகூட அவ்வளவு நேர்த்தியாக நான் கோடு போட்டதில்லை.

மறுநாள் மாலை கல்லூரி முடிந்ததும் வண்ணார்பேட்டையில் இறங்கிக்கொண்டேன். அப்பா வண்டியோடு சீட்டுக் கடை வாசலில் நின்றிருந்தார். கடையின் மூன்று சுவர்களிலும் இருக்கைகள் தொங்கின. தட்டையானவை, நடுவில் படி வைத்தவை, குறுக்கே வரிவரியாகத் தைத்தவை, கறுப்பும் சிவப்பும் கலந்தவை. ஒரு வண்டியில் இத்தனை வகையில் உட்கார முடியும் என்பது எனக்குப் புதிது. கடைக்கார அண்ணாச்சி காதில் சாக்குக்கட்டியைச் செருகியிருந்தார். அப்பா ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு, பின்பாதி மூன்று விரல் உயரமாக இருந்த படி வைத்த இருக்கையைக் காட்டினார். அதுதான் அப்போது புதிய மோஸ்தர்.

"நல்லாத்தான் இருக்கும். பின்னால யாரு உக்காருவா?" என்றார் அண்ணாச்சி.

"வீட்ல."

"என்ன ஒசரம் இருப்பாவ?"

அப்பா என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை ஒசரந்தான்."

அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பேருந்துகள் உரசிக்கொண்டு போகும் அந்தச் சாலையோரத்தில், ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஒரு பெண்பிள்ளையை ஏறி உட்காரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை. நானாக ஏறியிருக்கலாம். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத வழக்கம் எனக்கு அங்கேயும் உதவிக்கு வந்தது. நான் சுவரிலிருந்த இருக்கைகளை எண்ணத் தொடங்கினேன்.

அண்ணாச்சி பக்கத்துப் பஞ்சர் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ வே, இங்கன வாரும். ஒம்ம ஒசரம் சரியா இருக்கும்."

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார். "எதுக்கு வே? என்னைய வித்துரப் போறீரா?"

"ஒம்ம எவன் வாங்குவான்? ஏறும்."

மாதிரிக்கு அந்த இருக்கையை வண்டியில் வைத்ததும் அப்பா முன்னால் உட்கார, பஞ்சர் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். இரண்டு முறை குதித்துப் பார்த்தார். "மெத்தையில உக்காந்தாப்ல இருக்கு சார். பாவநாசம் வரைக்கும் இப்பிடியே போயிரலாம் போலுக்கு."

"நீரு எறங்கும் முதல்ல. சார் கெளம்பிரப் போறாவ."

எல்லாருக்கும் திருப்தி. என் நோட்டில் 'பின்னால் இருப்பவர்' என்பதற்குக் கீழே 'வசதி' என்று எழுதிக்கொண்டேன். அந்தச் சொல்லைப் பிறகு அடிக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை இருக்கை வந்தது. கறுப்பு ரெக்சின் பளபளவென்று இருந்தது. ஓரம் முழுவதும் வெள்ளைக் கயிறு போலப் பீடிங் வைத்துத் தைத்திருந்தார்கள். அம்மா அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். ஆற்றுப்பாலம் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். இறங்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியின் அழுத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா முன்னால் அவள் எதுவும் சொல்லவில்லை. அடுக்களையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"பழசே தேவல. இடுப்பு ஒரு பக்கமா முறுக்கிக்கிடுது. நீ அந்தத் தாளை எழுதிரு. ஒங் கையெழுத்து நல்லா இருக்கும்."

பதவி உயர்வு வேண்டாம் என்ற தாளை எழுத உட்கார்ந்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்குவதுதான் மரபு. அம்மாவே சொல்லித் தந்தாள். எழுதி முடித்துப் படித்தபோது அந்த மூன்று சொற்களும் உறுத்தின. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சூழ்நிலையும் இல்லை. போக அம்மாவுக்கு ஆசை இருந்தது, கூட்டிப் போக அப்பாவுக்கு மனம் இருந்தது, வண்டி இருந்தது, சாலையும் இருந்தது. அவள் உட்காரும் இடத்தில் மட்டும் ஏதோ ஒன்று பிழையாக இருந்தது. அது என்னவென்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "திங்கக்கெழமை கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிடுதேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது, நிலை தடுமாறி வண்டியைப் பிடித்தேன். கறுப்பு ரெக்சினில் என் ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரல் அழுத்தமாகவும் சுண்டுவிரல் லேசாகவும் விழுந்திருந்தது. எந்த விரல் எவ்வளவு பாரம் தாங்கியது என்பதை ரெக்சினே சொல்லியது.

கோலப்பொடி டப்பாவை எடுத்துப் பின்னிருக்கை முழுவதும் சல்லடையில் சலித்தது போல் தூவினேன். உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா."

"பழைய சீலைதானம்மா. பைய உக்காரு. உக்காந்ததும் அசையாத."

அவள் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு ஏறினாள். எப்போதும் போல இரண்டு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். பத்து எண்ணியதும் இறங்கச் சொன்னேன்.

இருக்கையில் இரண்டு தடங்கள் இருந்தன. வண்டியின் பின்பக்கமாக விழுந்தது பெரிதாக, பொடி முழுவதும் அழிந்து கறுப்பாக இருந்தது. அப்பாவின் முதுகுப் பக்கம் விழுந்ததற்கு ஓரம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் சரியாக அந்தப் படி ஓடியது. அம்மாவின் இடுப்பில் ஒரு பாதி மேற்படியிலும் மறுபாதி கீழ்ப்படியிலும் இருந்திருக்கிறது. அதோடு, இடது விளிம்பில் பீடிங் நெடுக ஒரு கோடு துடைத்தது போல அழிந்திருந்தது; அவள் தொடை முழுக்க அந்தக் கயிற்றின் மேல்தான் தங்கியிருக்கிறது.

சத்தம் கேட்டு அப்பா பல்துலக்கும் குச்சியோடு வெளியே வந்தார். தடங்களைப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"மடைக்கு மட்டம் பாக்கிறவன் நான்" என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல்.

"பொண்டாட்டிக்கு மட்டம் பாக்க பஞ்சர் கடைக்காரரக் கூப்பிட்டியளாமே" என்றாள் அம்மா. இந்தச் செய்தியை அவளிடம் சொன்னது நான்தான்.

எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அப்பா டேப்பைக் கொண்டுவந்தார். அன்று காலை எங்கள் வீட்டில் காபி ஆறிப் போனது. அப்பா அளந்து சொல்ல, நான் செய்தித்தாளில் தடங்களை அதே அளவில் வரைந்தேன். படி எங்கே வருகிறது, விளிம்பு எங்கே வருகிறது என்று சிவப்பு மையில் கோடிட்டேன். பின்பாதி உயர்ந்துவிட்டதால் அம்மாவின் கால், சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சாரி கார்டில் இருந்த மிதிபலகைக்கு எட்டாமல் இரண்டு அங்குலம் தொங்கியதையும் குறித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வெட்டி எடுத்தபோது, கல்லூரியில் தமிழ் படிக்கிற நான் தையற்காரியைப் போல நின்றிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் அப்பாவும் நானும் மறுபடி கடைக்குப் போனோம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். அண்ணாச்சி தாளை விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சர் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன வே இது? பூசணிக்காயப் பொளந்து வச்சாப்ல."

அமைத்து வைத்த வாக்கியங்களெல்லாம் போய்விட்டன. "பின்னால உக்கார்றவங்க ஒருபக்கமா உக்காருவாங்க அண்ணாச்சி" என்றேன். "நாம அதைச் சொல்லவே இல்ல. இது ரெண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உக்காந்த தடம்."

அண்ணாச்சி தாளிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்தார். ஒரு வண்டி போனது. பின்னால் மடியில் பிள்ளையோடு ஒருத்தி ஒருபக்கமாக. அதன் பின்னாலேயே இன்னொரு வண்டி. பின்னால் பூக்கூடையோடு ஒருத்தி ஒருபக்கமாக. மூன்றாவதும் அப்படியே.

"அன்னா ஒண்ணு. இன்னா ஒண்ணு" என்று எண்ணினார். "எல்லாம் ஒருபக்கமாத்தான் போகுது. இருவது வருசமா நான் யாருக்கு வே சீட்டு தைக்கேன்?"

"எனக்குத்தான்" என்றார் பஞ்சர் கடைக்காரர். "நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு நடந்த ஒரு மணி நேரத்தைப் போல என் வாழ்வில் வேகமாகப் போன நேரம் குறைவு. அண்ணாச்சி ரெக்சினைப் பிரித்தார். பீடிங்கை இடப்பக்கம் அடியோடு எடுத்துவிட்டு ரெக்சினை உள்ளே மடித்து அடிப்பது என்று முடிவானது. அடியில் கெட்டியான ஸ்பாஞ்சு, மேலே மெதுவானது. இடது விளிம்பு ஒரு விரல்கடை உயரமாக இருந்தால் வண்டி குலுங்கும்போது வெளியே வழுக்காது. மிதிபலகை இரண்டு அங்குலம் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டினார். படியை முன்னால் நகர்த்த வேண்டும் என்றபோது மட்டும் ஆட்டவில்லை. ஒருபக்கமாக உட்காருகிறவளுக்கு நீளவாக்கில் அதிக இடம் வேண்டும். அது ஓட்டுகிறவரிடமிருந்துதான் வர வேண்டும்.

"நாலு விரல் இடம் போனா நான் எங்க உக்கார? டேங்க் மேலயா?"

"நீங்க இப்ப முன்னால சரிஞ்சு சரிஞ்சு வாரிய, பெறகு பின்னால நகந்து நகந்து போறிய. அதுக்குத்தான அம்புட்டு இடம் கேக்குது" என்றார் அண்ணாச்சி. "முன்சரிவ எடுத்துட்டேன்னா வச்ச இடத்துல இருப்பிய. ஏறிப் பாருங்க."

சரிவை அறுத்து எடுத்ததும் அப்பா ஏறிப் பார்த்தார். முழங்கையை நீட்டினார், மடக்கினார். முகத்தில் ஒப்புக்கொள்ள மனமில்லாத ஒரு திருப்தி தெரிந்தது. "பரவால்ல" என்றார்.

ரெக்சினை மூடித் தைப்பதற்கு முன் பின்னால் ஒருவர் ஒருபக்கமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எல்லாரும் பஞ்சர் கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"வேணும்னா ஒரு சீலையக் கட்டிட்டு வாரேன்" என்றார் அவர்.

"நான் உக்காருதேன்" என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். நான் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். என் முகம் நேராகச் சாலையைப் பார்த்திருந்தது. சாலையில் ஒரு பேருந்து நெரிசலில் சிக்கி எனக்கு எதிரேயே நின்றது. இடப்பக்கச் சன்னல்கள் அத்தனையிலும் முகங்கள். காது மடல் சூடேறியது. கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் நினைத்தேன். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. பாதம் பலகையில் பதிந்தது. தொடைக்கு அடியில் மட்டும் ஏதோ லேசாகத் தட்டியது.

நடைபாதையில் கீரைக் கட்டுகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். என்னைப் பார்த்தாள், இருக்கையைப் பார்த்தாள், அண்ணாச்சியின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"அந்த ஓரத்த இன்னும் கொஞ்சம் உருட்டிவிடச் சொல்லு தாயி. இல்லைன்னா தொடையில கோடு விழும். எனக்கு விழுந்துருக்கு."

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். நான் இறங்கியதும் அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் ஓரத்தைச் சீவினார். நான் ஏறினேன். "இன்னும் கொஞ்சம்" என்றேன். சீவினார். இறங்கினேன், ஏறினேன். "இங்கன இல்ல அண்ணாச்சி, அங்கன" என்று தொட்டுக் காட்டினேன். நான்காவது முறை ஏறியபோது எதிரே பேருந்து இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமைக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆனால் முடிவை வீட்டில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது. அவர்கள் புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பேருந்தில் ஏறிவிட்டேன். அம்மா இறங்கும்போது தோள் கொடுக்க நான் அங்கே நிற்க வேண்டும் என்பது திட்டம். சேரன்மாதேவியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பேருந்து நின்றது, சாரல் விழத் தொடங்கியது. அப்போது வலப்பக்கமாக, நிற்கும் வண்டிகளுக்கிடையே நுழைந்து, அப்பாவின் வண்டி முன்னேறி வந்தது. அம்மா முகம் பேருந்தின் பக்கமாகத்தான் இருந்தது. சன்னலில் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, மூக்குக்கண்ணாடியில் விழுந்த நீரை முந்தானையால் துடைத்தாள். அவளுடைய வலது கை அப்பாவின் தோளைப் பிடித்திருக்கவில்லை என்பதை அவர்கள் கடந்து போன பிறகுதான் உணர்ந்தேன். கேட் திறந்ததும் வண்டி முதலாவதாகப் போய் மறைந்தது.

ஊர் விலக்கில் இறங்கி வாய்க்கால் கரையில் ஏறக்குறைய ஓடினேன். மருத மரத்தடியில் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. அப்பா மட்டும் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்கப்பா?"

"எறங்குனா. சீலைய ஒதறுனா. போயிட்டா."

"இடுப்பு?"

"நான் கேக்கதுக்குள்ள போயிட்டாளே."

பள்ளிக்கூடத்தின் வெளிக்கதவு திறந்திருந்தது, வகுப்பறைகள் பூட்டியிருந்தன. அம்மா சுற்றுச்சுவரின் உள்ளே ஒரு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி எம்பி, வகுப்பறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டும் திரும்பவில்லை.

"கரும்பலகை வெளுத்துப் போயிருக்கு. முதல் வேலையா அதுக்கு மை அடிக்கணும். எழுதிக்கோ."

"நோட்டு கொண்டுவரலையம்மா."

கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். என் கையெழுத்தில் குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று தொடங்கும் அதே தாள். "பின்பக்கம் காலியாத்தான இருக்கு" என்றாள்.

சுவரில் வைத்து எழுதினேன். கரும்பலகை. இரண்டாவது சன்னலுக்குக் கொக்கி. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. அவள் அடுத்த சன்னலுக்குப் போனாள், அதற்கடுத்த சன்னலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். முழுப் பள்ளிக்கூடத்தையும் சுற்றி முடித்தபோது தாளின் பின்பக்கத்தில் இடமில்லை.

அப்பாவிடம் திரும்பி வந்ததும் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பொழுது கெடக்கே. பாவநாசம் வரைக்கும் போயிட்டு வருவமா?"

"இடுப்பு தாங்குமா?" என்றார் அப்பா.

"என் இடுப்பு தாங்கும். நீங்க நாலு விரலு எடம் கொறஞ்சு தாங்குவியளா?"

"அப்ப நான்?" என்றேன்.

"நீ பஸ்ல வா" என்றாள் அம்மா, ஏறி உட்கார்ந்துகொண்டே.

வண்டி கரை வழியே மேற்கே திரும்பியது. அவள் மடியில் கைப்பை இருந்தது, இரண்டு கைகளும் அதன் மேல் இருந்தன. மிதிபலகையில் ஒரு கால் ஊன்றியிருக்க, இன்னொரு கால் சும்மா ஆடிக்கொண்டே போனது.